இடைநிலைப் பள்ளி மாணவரின் ஆங்கிலத் தேவை: மைக்கேல் வெஸ்டின் வங்காள ஆய்வு குறித்த மறுமதிப்பீடு

இடைநிலைப் பள்ளி மாணவருக்கு ஆங்கிலம் எதற்குத் தேவைப்படுகிறது என்னும் வினாவை எழுப்பி, வினாநிரலின் துணைகொண்டு விடை தேடும் ஆய்வுகள் கடந்த சில பதின்மங்களில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏராளமாக வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களும் பட்டியலிடப்படும். 'மிகவும் தேவை' என்பது முதல் 'தேவையில்லை' என்பது வரை ஐந்து படிகளுள் ஒன்றை மாணவர் குறிக்க வேண்டும். குறிகள் கூட்டப்பட்டு விழுக்காடாக மாற்றப்படும். நான்கு திறன்களும் தேவை, பேச்சுத்திறன் எல்லாவற்றினும் மிகுதியாகத் தேவை என்னும் முடிவு பெறப்படும். இம்முடிவை எட்டுவதற்கு ஆய்வு வேண்டியதில்லை. இவ்வாறு பெறப்படுவது உண்மையில் மாணவரின் தேவைதானா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

இவ்வினாவைத் தெளிவாகக் கேட்ட நூல் ஒன்று இந்திய மண்ணிலேயே 1926இல் வெளிவந்தது. வங்காளத்தைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு மைக்கேல் வெஸ்ட் எழுதிய 'இருமொழியம்' என்னும் அந்நூலை இந்திய அரசின் கல்விச் செயலகம் தன் அவ்வப்போதைய அறிக்கைகளின் வரிசையில் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டது. அயல்மொழி கற்பித்தலில் தேவைப் பகுப்பாய்வின் வரலாற்றைத் தொகுத்து 1994இல் ரிச்சர்டு வெஸ்ட் எழுதிய மதிப்பாய்வும் 'தேவை' என்னும் கருத்தாக்கத்தின் தொடக்கத்தை இந்நூலிலேயே காண்கிறது. (இருவர்க்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை, இக்கட்டுரையில் 'வெஸ்ட்' எனப்படுபவர் மைக்கேல் வெஸ்ட்டே.) இத்துறையில் எழுதுவோர் பலர் வெஸ்டின் பெயரைச் சொற்பட்டியலோடு மட்டும் தொடர்புபடுத்தி அறிவர். அப்பட்டியலுக்கு முன் அவர் செய்த வேலையே இங்கு மதிப்பிடப்படுகிறது.

டாக்காவில் எழுந்த வினா

வெஸ்ட் 1912இல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்தவர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் அன்று மெட்ரிகுலேஷன் தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. வரலாறும் நிலநூலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்தன. இத்தனைக்குப் பின்னும் சராசரி மாணவரால் பாடநூலுக்கு வெளியே உள்ள எளிய ஆங்கில நூலொன்றைத் தானே படித்துப் பொருளுணர இயலவில்லை என்பது வெஸ்டின் கண்டறிவு. நேர்முறை என அழைக்கப்பட்ட, பேச்சை முதன்மைப்படுத்தும் கற்பித்தல் முறையே அக்காலத்தில் முற்போக்கானதாகக் கருதப்பட்டது. ஐரோப்பியச் சிறுவகுப்புகளில் தழைத்த அம்முறை வங்காளத்துக்குப் பொருந்துமா என்று அவர் ஐயுற்றார்.

ஐயத்திற்கான அடிப்படை ஒரு கணக்காகும். பள்ளியில் சேரும் மாணவருள் பெரும்பாலோர் படிப்பை முடிப்பதில்லை. வெவ்வேறு வகுப்புகளில் நின்றுவிடுகின்றனர். எனவே ஒரு பாடத்தின் மதிப்பை அதனை முழுமையாகக் கற்றுமுடித்தவரை வைத்து அளவிடுதல் தவறாகும். பாதியில் நின்றவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே அளவுகோலாதல் வேண்டும். இதனைக் குறிக்க வெஸ்ட் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு கலைச்சொல்லைக் கடன் வாங்கினார். காப்பீட்டு ஒப்பந்தத்தை இடையில் கைவிடுபவருக்குத் திருப்பித் தரப்படும் தொகை அது. நம் காப்பீட்டு முகவர்கள் 'சரண்டர் மதிப்பு' என்றே வழங்குகின்றனர். 'ஒப்படைப்பு மதிப்பு' எனச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் கல்வித்துறையில் பொருள் விளங்காது. இடையில் பள்ளியைவிட்டு நிற்பதற்கு 'இடைநிற்றல்' என்னும் நிலைபெற்ற சொல் தமிழில் இருத்தலின், 'இடைநிற்றல் பயன்' எனக் கொள்வது பொருந்தும். முற்றுப்பெறாத படிப்பிலிருந்து மாணவர் பெறும் பயனின் அளவு என்பதே வெஸ்ட் கருதிய பொருள்.

இவ்வளவுகோலை வைத்துப் பார்க்கும்போது திறன்களுக்கிடையே உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. இலக்கண விதிகளை முன்வைத்துத் தொடங்கும் பாடத்திட்டத்தில் மூன்றாண்டு கற்று நின்றவரிடம் வினைமுற்று வாய்பாடுகள் சில எஞ்சும். அவற்றால் அவர் எதையும் செய்ய இயலாது. பேச்சுப் பயிற்சியும் ஏறத்தாழ அத்தகையதே. தொடர்ந்து பேசும் வாய்ப்பில்லாத ஊருக்குத் திரும்பும் மாணவர் ஓரிரு ஆண்டுகளில் அதனை இழந்துவிடுகிறார். ஆனால் எளிய நூலொன்றைப் படிக்கும் திறன் சிறிதளவு வாய்த்தாலும் அது பயன்படும். பயன்படுத்தப் பயன்படுத்த வளரும். அதற்கு மறுமொழி கூற இன்னொருவர் உடனிருக்க வேண்டியதில்லை.

வகுப்பறை நேரத்தைக் கணக்கிட்டாலும் இவ்வாதம் வலுப்பெறுகிறது. ஐம்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதையும் மாணவர் பேச்சுக்கென ஒதுக்கி, ஆசிரியர் வாய் திறவாதிருந்தாலும், ஒருவர்க்குக் கிடைப்பது 48 வினாடி. படித்தலுக்கு இத்தடை இல்லை. ஐம்பதின்மரும் நாற்பது நிமிடமும் ஒரே நேரத்தில் படிக்கலாம். ஆசிரியரின் ஒலிப்பு குறைபாடுடையதாயினும் நூல் குறைபாடுடையதாவதில்லை. இந்நடைமுறை நோக்கு வெஸ்டிடம் இறுதிவரை இருந்தது. நெருக்கடியான சூழல்களில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றி அவர் 1960இல் எழுதிய நூல் நிரம்பி வழியும் வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறது.

பெரியோர்க்கென வகுக்கப்பட்ட கருவி

வெஸ்டுக்குப் பின் ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழித்துத் 'தேவை' என்னும் சொல் மீண்டும் முன்னிலைக்கு வந்தபோது அது வேறோர் இடத்திலிருந்து வந்தது. ஐரோப்பிய மன்றத்தின் மொழித்திட்டத்திற்காக ரெனே ரிக்டெரிஷ் 1972இல் அளித்த மாதிரி, பின்னர் ஷான்ஸ்ரெலுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கையேடு ஆகிய இரண்டின் தலைப்பிலும் 'பெரியோர்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. தொழில் நிமித்தமாகவோ பயண நிமித்தமாகவோ பிறிதொரு மொழியைக் கற்க முன்வரும் வளர்ந்தோர்க்கென்றே அவை வகுக்கப்பட்டன. 1975இல் வான் எக் வகுத்த வாயில்நிலை வரையறையும் அயல்நாட்டுக்குச் சிறிது காலம் செல்வோரையும், தம் நாட்டுக்கு வரும் அயலாருடன் பழகுவோரையும் மனத்திற்கொண்டது. பின்னர்ப் பள்ளிகளுக்கென அதன் வடிவமொன்று தனியே வெளிவந்தது. பெரியவருக்குத் தைத்த சட்டையைச் சிறுவருக்குச் சுருக்கித் தைக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

1978இல் வெளிவந்த ஜான் மன்பியின் பாடத்திட்ட வடிவமைப்பு நூல் இக்கருவிகளுள் மிக விரிவானது. கற்பவர் யார், எந்நோக்கத்திற்காக, எவ்விடத்தில், யாருடன், எவ்வூடகத்தின் வழியாக, எக்கிளைமொழியில், எத்தரத்தில் மொழியைப் பயன்படுத்துவார் எனப் பல கூறுகளாகப் பிரித்து வினவும் அம்மாதிரி, விடைகளிலிருந்து திறன்களின் நெடும்பட்டியலை வருவிக்கிறது. அதன் கட்டுக்கோப்பு பாராட்டத்தக்கது. ஆனால் அதில் எடுத்துக்காட்டாக வருபவர் ஸ்பெயின் நாட்டு உணவகத்தில் பணிபுரியும் தலைமைப் பரிமாறுநர். அவர் நாளை யாருடன் பேசுவார், எதைப் பற்றிப் பேசுவார் என்பது இன்றே தெரியும். எட்டாம் வகுப்பு மாணவி பத்தாண்டு கழித்து யாருடன் பேசுவார் என்பது எவருக்கும் தெரியாது. முதற்கட்டத்திலேயே அம்மாதிரி விடையின்றி நின்றுவிடுகிறது.

மற்றொன்றும் சுட்டத்தக்கது. வகுப்பின் அளவு, ஆசிரியர் தகுதி, கிடைக்கும் நேரம் முதலியவற்றைத் தேவை வரையறுக்கப்பட்ட பின்னரே கருத வேண்டும் என்பது மன்பியின் நிலைப்பாடு. தூய தேவை முதலில், தடைகள் பின்னர். வெஸ்ட் இதற்கு நேர்மாறானவர். அவருக்கு இடைநிற்றல் என்பது தேவைக்குப் புறத்தே நிற்கும் தடையன்று. தேவையின் உருவையே தீர்மானிக்கும் கூறு. ஐந்தாண்டு கற்பவருக்குத் தேவையானதும் இரண்டாண்டு கற்பவருக்குத் தேவையானதும் ஒன்றாக இருக்க இயலாது. பள்ளிக்கல்வியைப் பொறுத்தவரை வெஸ்டின் நிலையே சரியானது. கால அளவு அறியப்படாமல் தேவை என ஒன்றைச் சொல்வது, விலை கேளாமல் பொருள் வாங்குவதை ஒக்கும்.

ஜெர்ரி அபட் 1980களின் தொடக்கத்தில் பள்ளி ஆங்கிலக் கல்வியை 'வெளிப்படையான காரணமின்றி ஆங்கிலம் கற்பித்தல்' எனக் குறும்பாகப் பெயரிட்டார். சிறப்பு நோக்க ஆங்கிலத்தின் கருவிகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவோர் அடிக்கடி மறந்துவிடும் உண்மை அது. ஏறத்தாழ அதே காலத்தில், 1979 முதல் 1984 வரை, பெங்களூரிலும் சென்னையிலும் நடைபெற்ற கற்பித்தல் திட்டத்தில் என்.எஸ். பிரபு தேவைப் பட்டியல் எதனையும் வகுக்காமலே பள்ளிப் பாடத்தை அமைத்தார். நிலப்படத்தைப் பார்த்து வழி கண்டறிதல், தொடர்வண்டிக் கால அட்டவணையிலிருந்து செய்தி பெறுதல் போன்ற சிந்தனைப் பணிகளில் மாணவர் ஈடுபடும்போது மொழியமைப்பு தானே படியும் என்பது அவர் கொள்கை. அங்கு இலக்கு இலக்கணத் திறனே. சமூகச் சூழலுக்கேற்பப் பேசும் பழக்கமன்று. அதன் வெற்றிதோல்விகள் தனியே ஆராயத்தக்கன. எதிர்காலத் தேவையை ஊகிக்காமலும் பள்ளிப் பாடத்தை வகுக்க இயலும் என்பதற்கு அத்திட்டம் சான்றாக நிற்கிறது என்பதே இங்கு வேண்டப்படுவது.

'தேவை' என்னும் சொல்

பெரியோர்க்கான கருவி பள்ளிக்கு வந்தது ஒரு சிக்கல்; ஆங்கிலத்தில் அமைந்த வினாநிரல் தமிழுக்கு வந்தது மற்றொரு சிக்கல். மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்கு உரியது இது. ஹட்சின்சன், வாட்டர்ஸ் இருவரும் 1987இல் தேவையை மூன்றாகப் பகுத்தனர்: இலக்குச் சூழல் கட்டாயமாகக் கோருவது, கற்பவரிடம் இல்லாதிருப்பது, கற்பவர் விரும்புவது. இவற்றை முறையே இன்றியமையாமை, போதாமை, விருப்பம் எனத் தமிழில் பெயரிடலாம். பெயரிடுவதில் இடர்ப்பாடு இல்லை. ஆனால் வினாநிரலில் வருவது பெயர்ச்சொற்கள் அல்ல, வாக்கியங்கள். அவ்வாக்கியங்களை அமைக்கத் தமிழ் தருவது 'வேண்டும்' என்னும் ஒரே வினை.

'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதில் விருப்பமும் தேவையும் கலந்துள்ளன. 'நான் போக வேண்டும்' என்பதில் கடமை தோன்றுகிறது. 'அவன் நன்றாக இருக்க வேண்டும்' என்பது வாழ்த்து. 'மாணவருக்கு ஆங்கிலம் வேண்டும்' என்னும்போது வேண்டுபவர் மாணவரா, அவருக்காக வேண்டும் பிறரா என்பதை வாக்கியம் காட்டுவதில்லை. 'உங்களுக்கு ஆங்கிலத்தில் பேச வேண்டுமா?' என்று கேட்கப்பட்ட பதின்மூன்று வயது மாணவர் 'ஆம்' என்று குறிக்கும்போது மூன்றனுள் எதற்கு விடையளிக்கிறார் என ஆய்வாளர் அறிய வழியில்லை.

பெயர்ச்சொல்லாகிய 'தேவை'யும் இச்சிக்கலிலிருந்து முற்றும் விடுபட்டதன்று. தமிழ்நாட்டுப் பொருளியல் பாடநூல்களில் சந்தையில் ஒரு பொருளை வாங்க மக்கள் முன்வருவதும் 'தேவை' என்றே வழங்கப்பெறுகிறது. அதன் இணை 'அளிப்பு'. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் 'கேள்வி' என்றும் 'நிரம்பல்' என்றும் குறிக்கின்றன. கேட்பது வேறு, தேவைப்படுவது வேறு என்னும் வேறுபாட்டை இலங்கை வழக்கு காத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு வழக்கு இழந்துவிட்டது. வெஸ்ட் பணியாற்றிய டாக்காவிலும் இன்று இதே நிலைதான். வங்காளியில் இன்றியமையாததைக் குறிக்கப் 'பிரயோஜன்' என்னும் சொல் இருப்பினும், தேவை மதிப்பீட்டைக் குறிக்கும் ஆட்சித் தொடரில் 'சாஹிதா' என்னும் சொல்லே பயில்கிறது. அது விரும்புதல், கேட்டல் என்னும் பொருளுடைய வினையின் வழிவந்தது. சந்தைக் கேள்வியையும் அதுவே குறிக்கும்.

எனவே இக்கட்டுரையின் தொடக்கத்தில் குறிக்கப்பட்ட வகை வினாநிரல்கள் அளப்பது சந்தைக் கேள்வியை என்று கொள்வதே நேரியது. பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளியை நாடுவதும், மாணவர் பேச்சுத்திறனை முதலிடத்தில் வைப்பதும் உண்மைச் செய்திகள், புறக்கணிக்கத்தக்கன அல்ல. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின்போது ஆங்கிலம் கற்பித்தல் குறித்து அமைக்கப்பட்ட குழு, இந்தியாவில் ஆங்கிலம் மக்களின் எதிர்பார்ப்புகளுக்குரிய குறியீடாக விளங்குவதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. ஆனால் எதிர்பார்ப்பைப் பதிவுசெய்துவிட்டு அதனைத் தேவை எனப் பெயரிட்டு, அதன்மேல் பாடத்திட்டம் கட்டுவது முறையன்று.

இதற்கு மாற்று உண்டு. கருத்தைக் கேட்பதை விடுத்து நிகழ்ச்சியைக் கேட்கலாம். 'கடந்த மாதத்தில் பாடநூல் அல்லாத ஆங்கில எழுத்து எதையேனும் படிக்க நேர்ந்ததா? அது யாது? மருந்துச் சீட்டா, வங்கிப் படிவமா, கைப்பேசியில் வந்த செய்தியா? பொருள் விளங்காதபோது யாரிடம் கேட்டீர்?' இவ்வகை வினாக்களில் 'வேண்டும்' வருவதில்லை. நிகழ்ந்தது, நிகழாதது என்னும் வேறுபாடு எம்மொழிக்கும் இழப்பின்றிப் பெயர்க்கத்தக்கது. 'ஒன்றும் நேரவில்லை' என்பதும் ஒரு விடையாகும். ஐந்துபடிக் குறிகளில் அவ்விடைக்கு இடமில்லை.

வெஸ்டிடம் ஏற்கத்தகாதவை

வெஸ்டை முழுமையாக ஏற்பதும் இயலாது. படித்தலே வங்காள மாணவரின் முதன்மைத் தேவை என அவர் முடிவு செய்ததற்கு அடிப்படையாக அமைந்தது, அறிவுசார் நூல்கள் வங்காளியில் போதிய அளவு இல்லை என்னும் எடுகோள். அறிவைப் பெற ஆங்கில நூலைத் தவிர வழியில்லை. ஆகவே ஆங்கிலம் படிக்கத் தெரிதல் வேண்டும் என்பது வாதம். எடுகோள் அக்காலத்தில் ஓரளவு உண்மையே. ஆனால் அதனை மாறாத இயற்கைநிலைபோல அவர் எடுத்துக்கொண்டார். ஒரு மொழியில் நூல்கள் இல்லாமை மலையோ ஆறோ அன்று, எழுதினால் நீங்கக்கூடியது.

நீக்கும் முயற்சி அவர் கண்முன்னரே நடந்துகொண்டிருந்தது. வங்கீய சாகித்திய பரிஷத் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருந்தது. ராமேந்திரசுந்தர் திரிவேதி அறிவியற் கட்டுரைகளை வங்காளியில் எழுதியிருந்தார். ஜகதீஷ் சந்திர போஸின் வங்காளிக் கட்டுரைகள் 'அவ்யக்த' என்னும் பெயரில் 1921இல் நூலாயின. வெஸ்ட் டாக்காவில் படித்தல் சோதனைகளை நடத்திய அதே ஆண்டுகளில், 1921இல் தொடங்கப்பெற்ற டாக்காப் பல்கலைக்கழகத்தில் சத்யேந்திரநாத் போஸ் இயற்பியல் பயிற்றிக்கொண்டிருந்தார். ஐன்ஸ்டைனுக்கு 1924இல் அவர் அனுப்பிய கட்டுரை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஐன்ஸ்டைனே அதனை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டார் என்பது மொழிபெயர்ப்பாளர் மறக்கக்கூடாத செய்தி. உயர்ந்த ஆய்வையும் மொழிபெயர்ப்பு சுமந்து செல்லும் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. அந்த போஸ்தான் பின்னாளில், 1948இல், வங்காளி வழியாக அறிவியலைப் பரப்புவதற்கென வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவினார். 'ஞான் ஓ விஞ்ஞான்' என்னும் இதழும் அதன்வழி வெளிவந்தது. 1937இல் தாகூர் எழுதிய அறிவியல் அறிமுக நூலாகிய 'விஸ்வ பரிசய்' இவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

தாகூரின் சான்று வேறொரு வகையிலும் பொருத்தமானது. 1892இல் ராஜசாகியில் படித்த கல்விக் கட்டுரையில், சிறுவயதில் பொருள் விளங்காத ஆங்கிலத்தை உருப்போடுவதால் மொழியும் சிந்தனையும் ஒன்றையொன்று சந்திக்காமலே போய்விடுகின்றன என்று அவர் வருந்தினார். ஆயினும் ஆங்கிலத்தை அவர் விலக்கவில்லை. வங்காளிக் குழந்தைகளுக்கான ஆங்கில வாசகங்களையும் அவரே எழுதினார். தாய்மொழியில் நூல் பெருகுவதும் ஆங்கிலம் கற்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. வெஸ்டின் கணக்கில் ஒரே பத்தி உண்டு. தாகூரின் கணக்கில் இரண்டு.

இரண்டாவது குறை, முடிவெடுக்கும் உரிமை பற்றியது. பெரும்பாலான வங்காளியர்க்கு ஆங்கிலம் பேச வேண்டிய சூழல் நேராது என்று வெஸ்ட் கணித்தார். பெரும்பான்மை பற்றிய கணிப்பாக அது தவறன்று. ஆனால் பேசத் தெரிந்த சிறுபான்மையினர் யார்? அலுவலகங்களையும் நீதிமன்றங்களையும் நிரப்பியவர்கள். பேச்சுத்திறன் நகரத்து வசதியுள்ள பள்ளிகளில் மட்டும் வளர, சிற்றூர் மாணவருக்குப் படித்தல் போதும் என வகுத்தால் தேவைப் பகுப்பாய்வு இருக்கும் ஏற்றத்தாழ்வுக்கு முத்திரை குத்தும் வேலையாகிவிடும். தற்போது யார் எதைச் செய்கிறார் என்பதிலிருந்து யாருக்கு எது தேவை என்பதை வருவிக்கும் எம்முறைக்கும் இவ்விடர் உண்டு. மன்பியின் மாதிரியும் இதற்கு விலக்கன்று. வெஸ்டே பின்னர்ச் சற்று இளகினார். 1960ஆம் ஆண்டு நூலின் இணைப்பில் பேச்சுக்கு உதவும் குறைந்தபட்சச் சொற்களின் பட்டியல் ஒன்றை, ஏறத்தாழ 1,200 சொற்களுடன், அவர் சேர்த்துள்ளார்.

மூன்றாவது, அவர் பணி அடைந்த திரிபு. வங்காள மாணவரின் தேவையிலிருந்து தொடங்கிய வாசக நூல் வரிசை லாங்மன்ஸ் நிறுவனத்தின் வழியாகப் பல நாடுகளுக்குச் சென்றது. 1953இல் வெளிவந்த ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியல், ஐம்பது இலட்சம் சொற்கள் அடங்கிய ஆங்கில எழுத்துத் தொகுப்பில் கண்ட நிகழ்வெண்ணைப் பெரிதும் சார்ந்தது. டாக்கா மாணவருக்கு எது வேண்டும் என்னும் வினா, ஆங்கில நூல்களில் எது மிகுதியாக வருகிறது என்னும் வினாவாக மாறிவிட்டது. பட்டியல் பயனுடையதே. எனினும் கற்பவரை அளப்பதில் தொடங்கிய பணி பனுவலை அளப்பதில் முடிந்தது.

நூலகமும் தேர்வும்

விடுதலைக்குப் பின் வெஸ்டின் முடிவு அவர் பெயரின்றியே இந்தியக் கல்விக் கொள்கையில் நுழைந்தது. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணைக்குழு உயர்கல்வியில் ஆங்கிலத்தை 'நூலக மொழி'யாகக் கொள்ளலாம் என்றது. தாய்மொழியில் கற்று, ஆங்கில நூல்களைப் படித்து அறிவைப் பெருக்கிக்கொள்வது என்பது இதன் கருத்து. பள்ளி வகுப்பறையிலோ படித்தல் நடைபெறவில்லை. பாடநூலின் ஒவ்வொரு வரியையும் ஆசிரியர் தமிழிலோ கன்னடத்திலோ வங்காளியிலோ விளக்கினார். வினாக்களுக்குரிய விடைகளை மாணவர் 'நோட்ஸ்' பார்த்து மனப்பாடம் செய்தனர். நூலக மொழி நூலகத்தைக் காணாமலே தேர்வை அடைந்தது.

வெஸ்டின் பழைய களமாகிய கிழக்கு வங்காளத்தில் ஊசல் எதிர்த்திசையில் ஆடியது. வங்கதேசத்தில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து கருத்துப்பரிமாற்ற முறையில் அமைந்த ஆங்கிலப் பாடநூல்கள் இடைநிலை வகுப்புகளுக்கு வந்தன. இணைகளாகப் பேசுதல், குழுவாக உரையாடுதல் முதலிய பயிற்சிகள் அவற்றில் நிறைந்திருந்தன. பள்ளியிறுதிப் பொதுத்தேர்விலோ கேட்டலும் பேசுதலும் நெடுங்காலம் இடம்பெறவில்லை. படித்தலும் எழுதுதலுமே மதிப்பிடப்பட்டன. இந்நிலையில் மாணவரிடம் 'உம் தேவை யாது?' என்று கேட்டால் நேர்மையான விடை 'தேர்வில் தேறுவது' என்பதுதான். அதனைத் தேவையாகக் கொள்ளாமல் ஒதுக்கும் ஆய்வுகள் மாணவரை விடத் தம் கோட்பாட்டையே மதிக்கின்றன எனல் தகும்.

முன்னர்க் குறித்த 2005ஆம் ஆண்டுக் குழு, ஆசிரியரின் ஆங்கிலத் தேர்ச்சி, மாணவர்க்குப் பள்ளிக்கு வெளியே கிடைக்கும் ஆங்கிலத் தொடர்பு ஆகிய இரண்டையும் வைத்து இந்தியப் பள்ளிகளை நால்வகையாகப் பிரித்துக் காட்டியது. இப்பகுப்பு மிகவும் பயனுள்ளது. ஒரே மாநிலத்தில், ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு, ஒரு மாணவர் இரண்டாம் மொழியாகவும் மற்றொருவர் முற்றிலும் அயல்மொழியாகவும் ஆங்கிலத்தைக் கற்கின்றனர் என்பது இதனால் தெளிவாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2,59,678 பேர் மட்டுமே. அயல்மொழியா, இரண்டாம் மொழியா என்பதை நாட்டளவில் தீர்மானிக்க முயல்வதைவிடப் பள்ளியளவில் தீர்மானிப்பதே ஆய்வுக்கு உகந்தது. வினாநிரல் ஆய்வுகள் நால்வகைப் பள்ளி மாணவரையும் ஒரே கூட்டில் சேர்த்துச் சராசரி காண்பது இதனால் பிழையாகிறது.

வெஸ்டின் எடுகோளைத் திருத்திக்கொண்டால் அவர் அளவுகோல் இன்றும் பயன்படும். ஆங்கிலத்தில் படிக்கும் தேவை என்பது தாய்மொழி நூலகத்தின் வெற்றிடத்தைப் பொறுத்தது. எனவே மாணவரை அளக்கும் முன் அலமாரியை அளக்க வேண்டும். தமிழில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடங்களுக்குரிய தமிழ் நூல்களை 1970களில் வரிசையாக வெளியிட்டது. 2008இல் மைசூரில் தொடங்கப்பெற்ற தேசிய மொழிபெயர்ப்புப் பணித்திட்டம் அறிவுசார் நூல்களை அட்டவணை மொழிகளுக்குக் கொண்டுவருகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் மின்கலத்தைப் பற்றியோ சிறுநீரகத்தைப் பற்றியோ பாடநூலுக்கு மேல் அறிய விரும்பினால் அவர் பள்ளி நூலகத்தில் தமிழில் என்ன கிடைக்கும் என்பதைப் பட்டியலிடுவது கடினமன்று. எத்துறையில் அலமாரி வெறுமையாக உள்ளதோ அத்துறையிலேயே ஆங்கில வாசிப்பின் தேவை தோன்றுகிறது. அத்தேவையை நிறைவு செய்வோர் இருவர்: ஆங்கில ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர். இருவருள் எவரது வழி விரைவானது, எவரது வழி மிகுதியான மாணவரைச் சென்றடையும் என்பது துறைதோறும் வேறுபடும். தேவைப் பகுப்பாய்வு என்னும் பெயரில் இதுவரை நடந்தவற்றில் மொழிபெயர்ப்பாளருக்கு எங்கும் இடம் தரப்படாதது வியப்புக்குரியது.

மாணவரை அளக்கும்போதும் ஒரு மொழியில் மட்டும் அளத்தல் போதாது. ஒத்த கடினமுடைய இரு பகுதிகளை, ஒன்றைத் தமிழிலும் மற்றொன்றை ஆங்கிலத்திலும், எட்டாம் வகுப்பு முடிவிலும் பத்தாம் வகுப்பு முடிவிலும், அதாவது மாணவர் பள்ளியைவிட்டு விலகக்கூடிய இடங்களில், படிக்கக் கொடுத்துப் பார்க்கலாம். தமிழ்ப் பகுதியை எளிதாகப் படித்து ஆங்கிலப் பகுதியில் இடறுபவருக்கு வேண்டுவது சொல்லறிவும் வாசிப்புப் பழக்கமும். இரண்டிலும் ஒருங்கே இடறுபவருக்கு ஆங்கிலப் பாடவேளையைக் கூட்டிப் பயனில்லை. அவர் குறை ஆங்கிலக் குறையன்று. ஆங்கிலத் தேவை குறித்த வினாநிரலில் அம்மாணவரும் 'மிகவும் தேவை' என்னும் கட்டத்திலேயே குறியிட்டிருப்பார்.